கொழுப்புக்குள் இருந்தே ஒரு காவல்: அடிபோனெக்டினும் இரத்தக்குழாய் அழற்சியும்

உவர்மலை உயிரியல் (பதிவு 1)

தேங்காய் எண்ணெய் பற்றிய இழையில் ஒருவர், "வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்குகிற சுமை, குறைத்தால் நடக்க இலகு, வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் அந்தப் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனி இழை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இது மனதுக்கு நெருக்கமான விடயம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

கொழுப்புத் திசு சேமிப்பு வேலை மட்டும் பார்ப்பதில்லை, சுரப்பி வேலையும் பார்க்கிறது. 1994இல் நியூயோர்க் ரொக்கஃபெலர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, கொழுப்புக் கலம் சுரந்து பசியை அடக்குகிற லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தபோதுதான் உலகம் இதை நம்பத் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நான்கு குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து ஒரே புரதத்தில் வந்து நின்றன. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கடைசியில் நிலைத்த பெயர் அடிபோனெக்டின். 244 அமினோவமிலங்கள் கொண்டது, அதற்கான ஜீன் மனிதரின் 3ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

இதன் அளவைப் பாருங்கள். லெப்டின் இரத்தத்தில் நனோகிராம் கணக்கில்தான் ஓடுகிறது. அடிபோனெக்டின் ஒரு மில்லிலீட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 30 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. குருதித் திரவவிழையத்தில் உள்ள மொத்தப் புரதத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஹோர்மோன் என்று சொல்லப்படுகிற ஒன்றுக்கு இது பெரிய அளவு.

இனி இரத்தக்குழாய்க்கு வருவோம். குழாயின் உட்பக்கத்தை ஒரே ஒரு கலத் தடிப்பில் மூடியிருப்பது அகவணி. நல்ல நிலையில் அது வழுவழுப்பாக இருக்கும், வெண்குருதிக் கலங்கள் தொட்டுவிட்டுப் போய்விடும். உடம்பில் அழற்சி இருக்கும்போது டிஎன்எஃப்-அல்ஃபா போன்ற சமிக்ஞைகள் அகவணியைத் தாக்கும். உடனே அந்தக் கலங்கள் வீகேம்-1, ஐகேம்-1, ஈ-செலெக்டின் என்ற ஒட்டும் புரதங்களைத் தங்கள் மேற்பரப்பில் நீட்டும். ஓடிப்போகிற மொனோசைட்டுகள் என்ற வெண்குருதிக் கலங்கள், வலைக்கண்ணில் செவுள் மாட்டிய சூடை மாதிரி, அதில் சிக்கி உள்ளே போகும். உள்ளே மக்ரோபேஜ் என்ற விழுங்கும் கலமாக மாறி எல்டிஎல் கொலஸ்ட்ரோலை விழுங்கி நுரைக்கலமாகும். குழாய்ச் சுவரில் படிவு தொடங்குவது இப்படித்தான்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் யுஜி மட்சுசாவாவின் குழு 1999இல் செய்த பரிசோதனை இதன் நடுவில் கை வைத்தது. மனிதப் பெருநாடியின் அகவணிக் கலங்களை வளர்த்து, முதலில் அடிபோனெக்டினில் வைத்தார்கள், பிறகு டிஎன்எஃப்-அல்ஃபா சேர்த்தார்கள். ஒட்டும் புரதங்கள் மூன்றும் குறைந்தன, மொனோசைட் ஒட்டுவதும் குறைந்தது. அடுத்த ஆண்டு அதன் வழியையும் காட்டினார்கள். அழற்சி ஜீன்களைத் திறந்துவிடுகிற என்எஃப்-கப்பாபி என்ற பாதையை அடிபோனெக்டின் கலத்துக்குள்ளேயே அடக்குகிறது. 2001இல் இன்னொரு கட்டுரை: மக்ரோபேஜ்கள் கொழுப்பை அள்ளி விழுங்கப் பயன்படுத்தும் வாங்கிகளையும் (கலத்தின் மேற்பரப்பில் பொருளைப் பிடிக்கிற புரதங்கள்) அது குறைக்கிறது, நுரைக்கலம் உண்டாவது குறைகிறது. பிறகு 2003இல், அகவணி தானே நைத்திரிக் ஒட்சைட்டு செய்வதை ஏஎம்பிகே என்ற நொதியத்தின் ஊடாக அது தூண்டுகிறது என்று தெரியவந்தது. நைத்திரிக் ஒட்சைட்டு குழாயைத் தளர்த்தும், ஒட்டுவதைத் தடுக்கும்.

ஒட்டும் படி, விழுங்கும் படி, குழாய் இறுகும் படி, மூன்றிலும் ஒரே புரதம். அதைச் செய்து அனுப்புவது நாங்கள் திட்டித் தீர்க்கிற கொழுப்புக் கலம்.

சல்லிக்கரை (பதிவு 2)

சேர், வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. கொழுப்புக் கலம் அதைச் செய்கிறது என்றால் கொழுப்புக் கூடினவருக்குக் காவலும் கூட இருக்கவேணும். அப்படியா நடக்கிறது?

உவர்மலை உயிரியல் (பதிவு 3)

இல்லை தம்பி, நேர் எதிராக நடக்கிறது. 1999இல் அதே ஒசாகா குழு இதை அளந்து காட்டியது. உடற்பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் அடிபோனெக்டின் குறைவு. லெப்டின் கொழுப்போடு சேர்ந்து ஏறும், இது இறங்கும். உடம்பில் நிறையச் சுரக்கிற ஒரு பொருள், அதைச் சுரக்கிற திசு பெருக்கும்போது குறைகிறது என்பது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம்.

காரணம் கொழுப்புக் கலத்தின் நிலைமையில் இருக்கிறது. சின்னக் கலமாக இருக்கும்வரை அது நன்றாகச் சுரக்கும். மேலும் மேலும் கொழுப்பை அடைக்க அது ஊதும், கலத்துக்கு ஒட்சிசன் போதாமல் போகும், சில கலங்கள் செத்துப்போகும். அதைத் துப்புரவாக்க மக்ரோபேஜ்கள் வந்து குவியும். இந்தக் குவிதலை 2003இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தெளிவாகக் காட்டின. வந்தவை டிஎன்எஃப்-அல்ஃபாவைக் கொட்டும். பருத்த கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப்-அல்ஃபா கூடுகிறது என்பது 1993இலேயே தெரிந்த விடயம். இந்த டிஎன்எஃப்-அல்ஃபா பக்கத்திலிருக்கும் கொழுப்புக் கலத்தில் அடிபோனெக்டின் செய்வதை அமத்திவிடும்.

இதை வகுப்பில் சொல்லும்போது நான் கொஞ்சம் நிறுத்துவேன். குழாய்ச் சுவரைத் தாக்குகிற அதே பொருள்தான் குழாயின் காவலையும் அதன் பிறப்பிடத்திலேயே அடக்குகிறது. இரண்டு பக்கத்தாலும் இழப்பு. எல்லாக் கொழுப்பும் இதில் ஒன்றல்ல. தொடையிலும் இடுப்பிலும் தோலுக்குக் கீழே இருப்பது அவ்வளவு மோசமில்லை. குடலைச் சுற்றி, ஈரலைச் சுற்றி வயிற்றுக்குள் சேருவதுதான் சீக்கிரம் அழற்சிக்குப் போகிறது.

வார்டு அக்கா (பதிவு 4)

நான் தாதி, எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லத் தேவையில்லை. சேர் எழுதினதோடு ஒன்றைச் சேர்க்க வேணும். இதை வாசிக்கிற பலர் "நான் குண்டில்லை, எனக்கில்லை" என்று நினைத்து இழையை மூடிவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

நெஞ்சுவலியோடு வருகிறவர்களில் பெரிய உடம்புக்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கை கால் மெலிந்து, முகம் ஒட்டி, சேர்ட்டுக்குள் வயிறு மட்டும் உருண்டையாக இருக்கிற ஆட்கள் நிறைய. எங்கள் தெற்காசிய உடம்பின் வாகு அது. 2004இல் லான்செட் சஞ்சிகையில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் சொந்தப் படத்தையே போட்டுக் காட்டினார்கள், ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு, 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். பிஎம்ஐ ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அடிபோனெக்டினிலும் இது தெரிகிறது. ஐரோப்பியரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தெற்காசியருக்கு அதன் அளவு குறைவாகத்தான் வந்திருக்கிறது. உடம்பின் இந்த வாகால்தான் எங்களுக்கு அளவுகோலும் இறுக்கம். ஐரோப்பியருக்கு பிஎம்ஐ 25 வரை சரி என்றால், ஆசியருக்கு 23இலேயே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2004இல் எழுதியது. இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதுக்கு மேலே போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2005, 2006இல் இலங்கை முழுவதற்குமாக நடந்த நீரிழிவுக் கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதம் பேருக்கு நீரிழிவு என்று வந்தது. அந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் இல்லை. சண்டைக் காலம் என்பதால் ஏழு மாகாணங்களில்தான் எடுத்தார்கள். திருமலை, மூதூர், வாகரைப் பக்கச் சனத்தின் சீனியும் இடுப்பும் அந்த எண்ணுக்குள் வரவேயில்லை. நாட்டின் கணக்கு என்று வாசிக்கிறபோது எனக்கு இதுதான் உறுத்தும்.

கிண்ணியாத் தோணி (பதிவு 5)

அக்கா சொன்ன உடம்பு எங்கட வீட்டிலேயே இருக்கு. வாப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது, ஆள் மெலிவு. எல்லாரும் "மெலிஞ்ச மனுசனுக்கு எப்படி" என்றுதான் கேட்டார்கள்.

டொரொன்டோ திருமலை (பதிவு 6)

பாலையூற்றில் பிறந்து வளர்ந்தவன், இங்கே நோய்ப்பரவல் ஆய்வுத் துறையில் இருக்கிறேன். சேர் எழுதிய உயிரியலில் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. ஆனால் கலக்கிண்ணத்தில் நடந்ததை மனிதருக்குள் அப்படியே கொண்டுவருவதில் பிணக்கு இருக்கிறது.

முதலில் சேருக்குச் சாதகமான ஆதாரம். 2004இல் அமெரிக்காவில் 18,225 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று வெளிவந்தது. ஆறு ஆண்டுகளில், அடிபோனெக்டின் கூடினவர்களுக்கு மாரடைப்பு நன்றாகவே குறைவு. எல்லாரும் உற்சாகமானார்கள். 2006இல் பிரித்தானிய ஆண்களில் பார்த்தபோது அந்தத் தொடர்பு மெலிந்துபோனது.

அதைவிட முக்கியமானது ஜீன் வழியான சோதனை. சிலருக்குப் பிறப்பிலேயே அடிபோனெக்டின் கூடுதலாகச் சுரக்கிற ஜீன் வகை இருக்கும். அது சாப்பாட்டினாலோ உடற்பயிற்சியினாலோ வந்ததில்லை, சீட்டுக் குலுக்கல் மாதிரி விழுந்தது. அடிபோனெக்டின் தானாக இதயத்தைக் காக்கிறது என்றால், வாழ்நாள் முழுக்க அது கூடுதலாக இருந்த இவர்களுக்கு இதயநோய் குறைய வேணும். பெரிய எண்ணிக்கையில் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெளிவாகக் குறையவில்லை.

இன்னும் ஒன்று. இதயம் பலவீனமாகிப் போனவர்களில் நிலைமை தலைகீழ். 2005இல் டென்மார்க்கில் இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பார்த்தார்கள், அடிபோனெக்டின் கூடினவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். சிறுநீரக நோயிலும் அது ஏறுகிறது. ஆகவே "கூட இருந்தால் நல்லது" என்று ஒரு வரியில் எழுத முடியாது.

என் எண்ணம் இதுதான்: அடிபோனெக்டின் கொழுப்புத் திசுவின் சுகத்தைக் காட்டுகிற நல்ல அடையாளம். அதுவே காரணம் என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது.

சல்லிக்கரை (பதிவு 7)

அப்ப இரண்டு பேரில் யாரை நம்புவது?

உவர்மலை உயிரியல் (பதிவு 8)

இரண்டு பேரையும் நம்பலாம் தம்பி, நாங்கள் இருவரும் பார்க்கிற இடம் வேறு.

டொரொன்டோ தம்பி சொன்ன ஜீன் ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவை எல்லாம் அளப்பது இரத்தத்தில் ஓடுகிற அளவை. குழாய்ச் சுவரில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, சேர்ந்தது வேலை செய்ததா என்பது அந்த எண்ணில் தெரியாது. அடிபோனெக்டின் இரத்தத்தில் ஒற்றை உருவில் ஓடுவதில்லை. மூன்று சேர்ந்தது, ஆறு சேர்ந்தது, இன்னும் பல சேர்ந்த பெரிய கட்டு என்று வகைகள் உண்டு. பெரிய கட்டுகளைக் குழாய்ச் சுவரில் பிடித்து வைத்திருப்பது டி-கட்ஹெரின் என்ற புரதம், அதை 2004இல் கண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு டோக்கியோவில் கடோவாக்கியின் குழு அடிபோனெக்டினுக்கான இரண்டு வாங்கிகளைக் கண்டுபிடித்தது. உடற்பருமனில் இந்த வாங்கிகளும் குறையலாம் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் ஹோர்மோன் இருந்தும் கலம் அதைக் கேட்காது. இதயச் செயலிழப்பில் அளவு ஏறுவதையும் இதை வைத்து விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு காவலைக் கூட்டப் பார்க்கிறது, பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு இடம் நான் மிக விரும்பி வாசித்தது. எங்கள் குழாய்கள் பலவற்றை வெளிப்பக்கமாகவும் கொழுப்புச் சுற்றியிருக்கிறது. 2009இல் மன்செஸ்டரில், மனிதரிடமிருந்து எடுத்த சிறு நாடிகளை அந்தக் கொழுப்போடு சேர்த்து ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். சுகமான ஆளின் கொழுப்பு பக்கத்துக் குழாயை இறுகவிடாமல் வைத்திருந்தது. அந்த வேலையில் அடிபோனெக்டினுக்குப் பங்கு இருந்தது. உடற்பருமன் உள்ளவர்களின் கொழுப்பில் அந்தக் குணம் காணாமல் போயிருந்தது, அங்கே அழற்சி இருந்தது. இது இரத்தத்தில் ஓடாமல், தொட்டுக்கொண்டிருக்கிற அயலிலேயே நடக்கிற வேலை. கையில் குத்தி எடுக்கிற இரத்தத்தில் இது எப்படித் தெரியும்?

டொரொன்டோ திருமலை (பதிவு 9)

நியாயமான பதில் சேர். அயலில் நடப்பதை எங்கள் அளவீடு பிடிக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலிகளிலும் சித்திரம் ஒரே மாதிரி இல்லை. 2002இல் அடிபோனெக்டினைக் கூட்டின எலிகளில் படிவு குறைந்தது. 2010இல் வேறொரு குழு கூட்டியும் பார்த்தது, முற்றாக நீக்கியும் பார்த்தது, படிவில் வித்தியாசம் வரவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிவது அடிபோனெக்டினுக்கு ஒரு படி மேலே இருக்கிறது. குழாய்ப் படிவில் அழற்சி வெறும் கூட்டாளி இல்லை, அதற்கு நேரடிப் பங்கு உண்டு. 2017இல் வந்த ஆய்வில் முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேர் இருந்தார்கள். கொலஸ்ட்ரோலைத் தொடாமல் அழற்சிச் சமிக்ஞை ஒன்றை மட்டும் அடைக்கிற ஊசி மருந்து கொடுத்தார்கள். நடு அளவில் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து 15 வீதம் குறைந்தது. ஆனால் கிருமித்தொற்றினால் வந்த மரணங்கள் கூடின, விலையும் மிக அதிகம், அதனால் இதயநோய்க்கு அது பாவனைக்கு வரவில்லை. பிறகு கீல்வாதத்துக்குக் கொடுக்கிற பழைய மருந்தான கொல்கிசினைக் குறைந்த அளவில் சோதித்தார்கள், பலன் கிடைத்தது, 2023இல் அமெரிக்கா அதை இதயநோய்க்கும் அனுமதித்தது. இவை எல்லாம் டொக்டரின் கையில் இருக்க வேண்டியவை, தானாக வாங்கிக் குடிக்கிற சாமான் இல்லை.

கிண்ணியாத் தோணி (பதிவு 10)

வாங்கிக் குடிக்கிறது என்றதும் கேட்கிறேன். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. "அடிபோனெக்டினைக் கூட்டும் கப்சூல், இரத்தக்குழாய் சுத்தமாகும், மூன்று மாதத்தில் மாத்திரையெல்லாம் நிற்பாட்டலாம்" என்று. மச்சான் ஒருத்தர் ஓடர் பண்ணப் போகிறார். வாப்பாவுக்கும் வாங்கட்டா என்று கேட்கிறார். அடிபோனெக்டின் அளவு பார்க்கிற டெஸ்ட் இருக்கா அக்கா?

வார்டு அக்கா (பதிவு 11)

தம்பி, வாங்க வேண்டாம் என்று மச்சானுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். மாரடைப்பு வந்த ஒருவர் கொலஸ்ட்ரோல் மாத்திரையையும் இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் தானாக நிற்பாட்டினால் என்ன நடக்கும் என்று நான் வார்டில் பார்த்திருக்கிறேன். "மாத்திரையை நிற்பாட்டலாம்" என்று எழுதியிருக்கிற எந்த விளம்பரத்தையும் அந்த ஒரு வரிக்காகவே தூக்கி எறியலாம்.

அடிபோனெக்டினை அப்படியே வாயால் குடித்தால் அது புரதம், வயிற்றில் சமித்துப்போகும். அதன் வாங்கியைத் தூண்டுகிற அடிபோரொன் என்ற சின்ன மூலக்கூறை டோக்கியோ குழு 2013இல் அறிவித்தது, வாயால் கொடுக்கலாம், எலிகளில் நல்ல பலன். ஆனால் ஆஸ்பத்திரியில் மனிதருக்குக் கொடுக்கிற மருந்தாக அது வரவில்லை. உண்மையிலேயே அடிபோனெக்டினைக் கூட்டுகிற மருந்து ஒன்று பல காலமாக இருக்கிறது, நீரிழிவுக்குக் கொடுக்கிற பயோகிளிட்டசோன். அதை எல்லாருக்கும் எழுத மாட்டார்கள். உடம்பில் நீர் தேங்கும், நிறை கூடும், இதயம் பலவீனமான ஆளுக்கு ஆபத்து, எலும்பு முறிகிற வாய்ப்பும் கூடும். வாப்பாவின் இதயம் இப்போது எப்படி இயங்குகிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டொக்டருக்குத்தான் தெரியும்.

டெஸ்ட் பற்றி. ஆராய்ச்சிக்கு அளப்பார்கள். வழமையான கிளினிக்கில் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. டொரொன்டோ தம்பி சொன்னது மாதிரி கூடினாலும் குறைந்தாலும் அதை வைத்து மருந்து மாற்ற முடியாது. அந்தக் காசுக்கு இடுப்பளக்கிற நாடா ஒன்று வாங்கினால் மிச்சம் வரும்.

கோணேசபுரி மாணவி (பதிவு 12)

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்களிடமும் இப்படிக் கேட்டு வருகிறார்கள். சேர், அக்கா, உணவு வழியாகவாவது இது கூடுமா? மீன் எண்ணெய் பற்றி நிறையக் கேள்விப்படுகிறேன். எங்கள் ஊரில் மீனுக்குக் குறையில்லையே.

உவர்மலை உயிரியல் (பதிவு 13)

நல்ல கேள்வி பிள்ளை. மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த பல சோதனைகளைத் தொகுத்தால் அடிபோனெக்டின் கொஞ்சம் கூடுவது தெரிகிறது, பெரிய அளவில் இல்லை. சூடை, கீரி, கும்பளா எல்லாம் எண்ணெய்ப் பிடிப்பான மீன்கள், விலையும் பாரை, அறுக்குளாவை விடக் குறைவு. அவித்தோ குழம்பாகவோ வைத்தால் சரி. கொதிக்கிற எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று பொரித்து, அதோடு கோப்பை நிறையச் சோறும் போட்டால் என்ன பலன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிச்சயமாகக் கூட்டுவது வயிற்றுக் கொழுப்புக் குறைவதுதான். 2003இல் இத்தாலியில் நேப்பிள்ஸில் உடற்பருமன் உள்ள 120 பெண்களை இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மரக்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், ஒலிவ் எண்ணெய் என்று உணவையும் நடையையும் நன்றாகப் பழக்கினார்கள். மற்றவர்களுக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். முதல் கூட்டத்தில் நிறை குறைந்தது, சீஆர்பி போன்ற அழற்சி அளவுகள் இறங்கின, அடிபோனெக்டின் ஏறியது. நிறை, அழற்சி, அடிபோனெக்டின் என்று நாங்கள் இங்கே அடிபடுகிற மூன்றுமே அந்த ஒரு மாற்றத்தில் சேர்ந்து அசைந்திருக்கிறது. எங்களுக்கு ஒலிவ் வேண்டாம். தம்பலகாமத்துச் சிவப்பரிசி இருக்கிறது, முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை இருக்கிறது. புட்டென்றால் கோப்பையில் பாதிக்குக் கறியும் கீரையும் வரட்டும். இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் இப்போது டவுனில் கூடியிருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை.

சிகரட்டையும் மறக்க வேண்டாம். புகைப்பவர்களுக்கு அடிபோனெக்டின் குறைவு, விட்டால் மெல்ல ஏறுகிறது.

சாம்பல்தீவுப் பெண் (பதிவு 14)

இவ்வளவு நேரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். நட, நட என்று எல்லாரும் சொல்கிறார்கள். டவுனில் இருக்கிற ஆண்கள் விடிய எழும்பி டச் பே கரையில் மான்கள் நிற்கிற பக்கமாக நடந்துவிட்டு வருகிறார்கள், மக்கேய்சர் மைதானத்தைச் சுற்றுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் விடியப்புறம் தனியாக வீதியில் நடந்தால் நாய் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேணும். பின்னேரம் வெயில் இறங்கினால் இருட்டு. இதுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

வார்டு அக்கா (பதிவு 15)

தங்கச்சி, நீங்கள் எழுதினது நூறு வீதம் சரி. கிளினிக்கில் "நடவுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறபோது எனக்கே மனம் ஒப்புவதில்லை. கொப்பியில் எழுதுகிற எங்களுக்கு அது ஒரு சொல், உங்களுக்கு அது வீதி, நாய், இருட்டு, அயலவர் வாய் எல்லாம்.

நான் பார்த்ததில் நடந்தேறினது கூட்டாகப் போனபோதுதான். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வழியைச் சுற்று வழியாக மாற்றினார்கள். தனி நேரம் ஒதுக்கவில்லை, ஊர் கதைக்கவும் இடமில்லை, பிள்ளையை விடத்தானே போகிறார்கள். கோயில் வீதியைச் சுற்றுவதும் அப்படித்தான், பத்திரகாளி கோயிலைச் சுற்றி நடக்கிற பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டுக்குள் என்றால் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கிறதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், தண்ணீர் நிரப்பின போத்தலைத் தூக்குங்கள். தசை வேலை செய்தால் சீனியைத் தசை இழுத்துக்கொள்ளும், வயிற்றுக்குப் போவது குறையும்.

ஆனால் வெளிச்சமும் பாதுகாப்பும் உள்ள நடைபாதை ஒவ்வொரு கிராமத்துக்கும் வேணும் என்பதை பிரதேச சபையிடம் கேட்கத்தான் வேணும். அதைப் பெண்கள் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். மருத்துவக் காரணம் எழுத நான் உதவுகிறேன்.

சாம்பல்தீவுப் பெண் (பதிவு 16)

கட்டாயம் அக்கா. சங்கத்தில் கதைத்துவிட்டு உங்களுக்குத் தனிமடல் போடுகிறேன்.

டொரொன்டோ திருமலை (பதிவு 17)

அந்தக் கடிதத்துக்கு ஆதாரக் கட்டுரைகள் வேண்டுமென்றால் நான் எடுத்துத் தருகிறேன், தமிழில் சுருக்கியும் தருகிறேன். ஊருக்கு என்னால் முடிகிற வேலை அது.

கிண்ணியாத் தோணி (பதிவு 18)

மச்சான் ஓடரை நிற்பாட்டிவிட்டார். உம்மாவுக்கு நாடா வைத்து அளந்தேன், 94 சென்ரிமீற்றர். சாரிக்கு மேலால் அளந்தது, சரியா தெரியாது. வாப்பாவுக்கு 91. உம்மா இதுவரை ஒரு டெஸ்டும் செய்ததில்லை அக்கா, வருத்தம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறா.

வார்டு அக்கா (பதிவு 19)

சாரிக்கு மேலால் வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை மெல்ல விட்ட பிறகு, நாடா தோலை இறுக்காமல் அளக்க வேணும். சாரியைக் கழித்தாலும் உம்மாவுக்கு 80க்கு மேலேதான் வரும்.

வருத்தம் தெரியாமல் இருக்கிற காலத்தில்தான் பார்க்க வேணும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு விடிய வெறுவயிற்றில் கூட்டிக்கொண்டு போங்கள். சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள், அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. வாப்பாவுக்கு 48இல் மாரடைப்பு வந்தது என்பதை உங்களுக்காகவும் டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்கள் மகன். உங்கள் இடுப்பை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

கிண்ணியாத் தோணி (பதிவு 20)

88 அக்கா. வெள்ளிக்கிழமை லீவு, உம்மாவோடு நானும் போய்க் குத்திக்கொண்டு வருகிறேன். ரிப்போர்ட் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.